குரோமியமும் நிக்கலும் கலந்த கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டும் மஞ்சள் நிறம் போகவில்லையே, ஏன்?

அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். பிஎச்சை (அமில-காரத் தன்மையின் அளவை) எவ்வளவு ஏற்றினாலும் அது ஹைட்ராக்சைடாகப் படியாது. முதலில் கந்தக அமிலத்தால் பிஎச்சை 2–3க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்துக் கலக்குங்கள்; அது குரோமியத்தைப் படியக்கூடிய மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றும். 1 கிராம் குரோமியத்துக்குக் கணக்குப்படி சுமார் 2.7 கிராம், கரைந்த ஆக்சிஜனும் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் சற்றுக் கூடுதலாகவே போடுங்கள். கந்தக டைஆக்சைடு கிளம்பும், காற்றோட்டம் அவசியம். நீரில் சயனைடு இருந்தால் அமிலமே விடக்கூடாது. உயிரைக் குடிக்கும் வாயு வரும்.

நிறம் பச்சையானதும் சுண்ணாம்புப் பாலால் பிஎச் 8.5க்கு ஏற்றினால் குரோமியம் படியும். வண்டலைப் பிரித்த பிறகே நிக்கலுக்காக 10க்கு மேல் போங்கள். பிரிக்காமல் ஏற்றினால் படிந்த குரோமியத்தில் கொஞ்சம் திரும்பக் கரையும். அப்போதும் நிக்கல் இறங்கவில்லையா? அம்மோனியா போன்ற ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு, சல்பைடு சேர்த்து நிக்கலைப் படியவைப்பதுதான் வழி.