பி.டி. டீச்சர் பதில்கள்: பதின்மூன்றில் ஒப்பந்தம், பதினைந்தில் முதல் மேட்ச்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், மிட்ஃபீல்டில் ஆடுகிறாள். அமெரிக்காவில் ஒரு பெண் 13 வயதிலேயே ஃபுட்பாலைத் தொழிலாக எடுத்துக்கொண்டாளாம். அந்த வீடியோவைக் காட்டி, "எனக்கு 14 ஆச்சு, நான் எதுக்கு டென்த் எழுதணும்?"னு கேக்கா. இதைக் கேட்ட அவள் அப்பா ஸ்டட்ஸை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். நான் யார் பக்கம் பேச?
— ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

முதலில் ஸ்டட்ஸை இறக்கச் சொல்லுங்கள். கால் வளர்கிற வயசு. ஆறு மாதம் கழித்துக் கோபம் தீர்ந்து இறக்கினால் அளவு சேராது, காசுதான் தண்டம்.

அந்தப் பெண் ஒலிவியா மோல்ட்ரி. 2005 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பிறந்தவள். உங்கள் மகள் பார்த்தது பாதிக் கதைதான். மீதியையும் சொல்லுங்கள்.

பதினோரு வயதிலேயே வட கரோலினா பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப்போடு இடம் தருகிறேன் என்றது. பெண்கள் ஃபுட்பாலில் அது பெரிய பெயர். சரி என்று சொன்ன பிள்ளை, 2019-ல், 13 வயதில், அதை விட்டுவிட்டு நைக்கி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாள். இப்படிக் காசு வாங்கியவர் கல்லூரி டீமில் ஆட முடியாது என்பது அப்போது அந்த நாட்டு விதி. ஆக, அந்தக் கதவு சாத்தியாயிற்று. போர்ட்லாண்ட் தார்ன்ஸ் கிளப்பில் பயிற்சி எடுப்பதற்காகக் குடும்பமே ஊர் மாறிப் போனது. வீடியோ இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் அவளால் ஒரு லீக் மேட்ச்கூட ஆட முடியவில்லை. 18 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று அமெரிக்கப் பெண்கள் லீக்கில் அப்போது விதி. கிறிஸ்டின் சின்க்ளேர், சர்வதேச ஆட்டங்களில் 190 கோல் போட்ட கனடாக்காரர், அதே கிளப்பில்தான் இருந்தார். அப்படிப்பட்டவர்களோடு பயிற்சி செய்வாள், பயிற்சி ஆட்டங்களில் இறங்குவாள். லீக் மேட்ச் அன்றைக்கு மட்டும் வெளியே.

2021 மே மாதம் கோர்ட்டுக்குப் போனாள். ஆண்கள் லீக்கில் இப்படி ஒரு தடை கிடையாதே என்பதுதான் வாதம். ஃப்ரெடி அடு என்ற பையன் 2004-ல் 14 வயதில் அங்கே ஆடியிருக்கிறான். நீதிபதி அந்த வயது விதிக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். ஜூன் கடைசியில் கிளப்போடு மூன்று வருட ஒப்பந்தம், ஜூலை 3-ம் தேதி மாற்று ஆட்டக்காரியாக முதல் லீக் மேட்ச். அன்றைக்கு அவளுக்கு வயது 15. (நம் பக்கம் ஒரு பிள்ளை மாவட்ட டீமில் சேர்க்கவில்லை என்று கோர்ட் படியேறினால் தெருவில் என்ன பேச்சு பேசுவார்கள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.)

முதல் லீக் கோல் 2022-ல், 16 வயதில். அந்த வருடம் டீம் சாம்பியனும் ஆனது. அமெரிக்க சீனியர் அணிக்கு முதலில் ஆடியது 2023 டிசம்பரில், 18 வயது முடிந்த பிறகு. 13-ல் கையெழுத்துப் போட்டவளுக்கே நாட்டு டீமுக்குப் போக ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

படிப்பா பந்தா என்ற சண்டையை நான் ரொம்ப வருடமாகப் பார்க்கிறேன். இந்தச் சண்டையில் மறந்துபோகிற கேள்வி, பிள்ளை வருடத்துக்கு எத்தனை மேட்ச் ஆடுகிறாள் என்பது. உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம், எல்லாம் நாக்-அவுட். குறுவட்டத்தில் ஒரு மேட்ச் தோற்றால் அந்த வருடத்துக்குக் கடை கட்டியாயிற்று. திறமை இருந்தும் ஆட்டம் இல்லாமல் மழுங்கிப்போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பெரியவர்களுக்கே இதே பஞ்சம்தான் இருந்தது. மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை ஜெயித்தபோது லீக் மொத்தமும் லூதியானாவில், சில வாரங்களில் முடிந்துவிட்டது. சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று முறையாக ஆடத் தொடங்கியது 2023-24-ல். அதுவும் ஒரு டீமுக்குப் பன்னிரண்டே மேட்ச்.

அதனால் உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது மேட்ச். சாயங்காலம் பையன்களோடு ஆட விடுங்கள், கெட்டுப்போக மாட்டாள். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அரசு விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று அங்கே கேளுங்கள். கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும். விடுதியில் சேர்ந்தால் பயிற்சி, சாப்பாடு, பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே இடத்தில்.

விடுதியில் புதிதாகச் சேர்ப்பது 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு. பத்தாம் வகுப்புக்கு இல்லை. உங்கள் மகள் ஒன்பதில் இருக்கிறாள், அடுத்த வாய்ப்பு பதினொன்று. பத்து பாஸாகாமல் பதினொன்றுக்கு எப்படிப் போவாள்? "நீ ஃபுட்பால் ஆடத்தான் டென்த் எழுதணும்"னு சொல்லுங்கள். அவள் அப்பாவிடமும் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். இந்திய அணி வீராங்கனை, தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அந்த வேலைக்கு டிகிரி வேண்டும், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடும் இருக்கிறது. நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டியது இருக்காது.

என் மகளுக்கு 16 வயது. ஒரு கிளப்பிலிருந்து ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
— வாசகர், பேட்டை

ஐந்தா? 18 வயதுக்குள் இருப்பவரோடு மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. மேலே சொன்ன மோல்ட்ரிக்கும் மூன்று வருடம்தான். இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். மைனர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டத்தில் செல்லாது, ஆகவே உங்களை வைத்துத்தான் பேச வேண்டும். "பிள்ளையை மட்டும் அனுப்புங்க" என்றால் அனுப்பாதீர்கள்.

சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, பரீட்சைக்கு லீவு உண்டா, பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். அசல் மார்க் ஷீட், டி.சி. எதையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். பதிவு பண்ணும்போது அது வந்து நிற்கும். எத்தனையோ நல்ல ஆட்டக்காரிகள் ஒரு எழுத்துப் பிழையால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

17 வயதில் வெளிநாட்டு கிளப்புக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். என் தங்கை மகளுக்காகக் கேட்கிறேன்.
— வாசகர், அம்பாசமுத்திரம்

கொடுக்காதீர்கள், மாமா. 18 முடியாமல் நாடு விட்டு நாடு மாற ஃபிஃபா அனுமதி இல்லை. சில விலக்குகள் உண்டு, அவை பெரும்பாலும் நமக்குப் பொருந்தாது. கொலம்பியாவின் லிண்டா கைசெடோ 14 வயதில் சொந்த நாட்டு லீக்கில் இறங்கியவள். 15-ல் சினைப்பையில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்துத் திரும்ப ஆடினாள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரியையே ரியல் மாட்ரிட் 18 ஆகும்வரை காத்திருந்து, 2023 பிப்ரவரியில், பிறந்தநாள் முடிந்த கையோடு எடுத்தது. நம் பஞ்சாப் பெண் மனிஷா கல்யாண் சைப்ரஸ் நாட்டு கிளப்புக்குப் போய், ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான மகளிர் சாம்பியன்ஸ் லீக் ஆடிய முதல் இந்தியர் ஆனபோது வயது 20. உண்மையான கிளப் ஆட்டக்காரிக்குச் சம்பளம் கொடுக்கும், அவளிடம் வாங்காது.

முக்காடு போட்டுக்கொண்டு ஆடலாமா? பள்ளியில் கூடாது என்கிறார்கள்.
— மாணவி, மேலப்பாளையம்

ஆடலாம். 2014-லேயே விதியில் அனுமதித்துவிட்டார்கள். 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு தடுப்பாட்டம் ஆடினார். சட்டை நிறத்தில் அல்லது கறுப்பில், தலையோடு ஒட்டியதாக இருக்கட்டும். ஊசி குத்தாதே. சொல்லிப் பார்த்தும் கேட்காவிட்டால் உங்கள் பி.டி. டீச்சரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

பொம்பளைப் பிள்ளை பந்து ஆடினால் மூட்டு போயிடும்னு சொல்லுதாவோ. நெசமா?
— ஒரு பாட்டி, முக்கூடல்

பாதி நெசம், ஆச்சி. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் கிழிகிறது. அதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆடும் முன் இருபது நிமிடம் ஓட்டம், குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று ஃபிஃபாவே வகுத்த வார்ம்-அப் ஒன்று இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் காயம் நன்றாகக் குறையும். பேத்தியின் கோச் அதைச் செய்யவிடுகிறாரா என்று கேளுங்கள். பிள்ளை சீக்கிரம் களைத்துப்போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.