ராணியை நிம்மதியாக விடுங்கள்: எறும்பு வளர்ப்பு கேள்வி பதில்

வீட்டில் எறும்புக் கூட்டம் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது நம் ஊர்க் கட்டெறும்பைத்தான். உருவம் பெரியது, கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம், நம் வெயிலும் அதற்குப் பழக்கம். அதனால் பதில்கள் பெரும்பாலும் கட்டெறும்பைப் பற்றியே இருக்கும்.

மழை விட்டதும் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கிறதே, அதில் ஒன்றைப் பிடித்து வைத்தால் கூட்டம் உருவாகுமா? (விழுப்புரம்)

ஈசல் எறும்பு இல்லை, சிறகு முளைத்த கரையான். அதற்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது, நான்கு இறக்கைகளும் ஒரே நீளமாக இருக்கும். எறும்புக்கு இடுப்பு மெலிந்து, உணர்கொம்பு நடுவில் மடிந்திருக்கும். முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளம்.

சிறகுள்ள எறும்பே கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். அது ஆணாக இருக்கலாம், இல்லை இன்னும் இணை சேராத ராணியாக இருக்கலாம். மழைக்குப் பிறகு தரையில் இறக்கை உதிர்ந்து, இடம் தேடி அலைகிற ராணியைத்தான் எடுக்க வேண்டும். மார்புப் பகுதி வேலைக்கார எறும்பைவிட நன்றாகத் தடித்திருக்கும், இறக்கை உதிர்ந்த தழும்பும் தெரியும். ராணிக்காகப் புற்றைத் தோண்டாதீர்கள். ஒரு கூட்டமே அழிந்துபோகும்.

அண்ணா, ராணி கிடைத்துவிட்டது. டெஸ்ட் டியூபில் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. தேன் வைத்தேன், சாப்பிடவில்லை. முட்டைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. என்ன செய்வது? (கோவை, கல்லூரி மாணவர்)

தம்பி, தேன் வைத்த பஞ்சை எடுத்துவிட்டு, டியூபை இருட்டில் வைத்துவிடுங்கள். கட்டெறும்பு ராணிக்கு முதல் வேலைக்காரர்கள் வரும்வரை சாப்பாடே தேவையில்லை. இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கைத் தசைகளையும், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளை ஊட்டி வளர்க்கிறது. டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதைத் தொட்டபடி இறுக்கமாகப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

முட்டை குறைவதற்குப் பெரும்பாலும் தொந்தரவுதான் காரணம். ஆபத்து என்று தோன்றினால் ராணி தன் முட்டையையே தின்றுவிடும். தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பது, ஃப்ரிட்ஜ் மேல் வைப்பது, நண்பர்களிடம் காட்ட எடுத்துப் போவது, இதெல்லாம் அதற்கு ஆபத்துதான். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிவிட்டுப் பாருங்கள், எறும்புகளுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. முதல் வேலைக்காரர்கள் வெளிவர, வெப்பத்தைப் பொறுத்து ஒன்றரை மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதலில் வருபவை மிகச் சிறியதாக இருக்கும், பயப்பட வேண்டாம். பற்றாக்குறையில் வளர்ந்தவை அப்படித்தான் இருக்கும்.

எறும்பு வளர்ப்பில் கடினமான பகுதி இந்தக் காத்திருப்புதான். அக்கறை குறைந்து செத்த ராணிகளைவிட, அக்கறை கூடிச் செத்த ராணிகள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கரைத் தண்ணீர் தாராளமாகக் கொடுக்கிறேன். எறும்புகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன, ஆனால் கூட்டம் பெருகவில்லையே? (மதுரை)

இனிப்பு, வேலைக்காரர்கள் ஓடியாடுவதற்கு. முட்டையிலிருந்து வரும் எறும்புப் புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது, நீர்ப்பொருளை மட்டும் உறிஞ்சி, வயிற்றில் தனிப்பையில் தேக்கி வைத்து மற்றவற்றுக்கு வாய்க்கு வாய் ஊட்டும். வாரம் இரண்டு முறை ஒரு ஈ, சிறு வெட்டுக்கிளி, செல்லப்பிராணிக் கடையில் விற்கும் மீல்வோர்ம் துண்டு கொடுங்கள். வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் உண்ணி, பூஞ்சை பயம் குறையும். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சமையலறையில் செத்துக் கிடக்கும் கரப்பானை மட்டும் கொடுக்காதீர்கள். அது எந்த மருந்தில் செத்ததோ.

நாற்பது எறும்புகள் இருந்தன. ஒரே இரவில் எல்லாம் துடித்துச் செத்துவிட்டன. ஏதாவது நோயா? (சென்னை)

படிக்கவே மனம் கஷ்டப்படுகிறது. நோயாக இருந்தால் இப்படி ஒரே இரவில் நடப்பது அரிது. அந்த அறையில் கொசுவர்த்தியோ லிக்விட் மெஷினோ ஓடியதா என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் இருப்பது பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்து, கொசு வேறு எறும்பு வேறு என்று அதற்குத் தெரியாது. எறும்பு சாக்பீஸ் தொட்ட கை, பூச்சிமருந்து அடித்த அலமாரி இரண்டும் அதே அளவு ஆபத்து. எறும்பு இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்வதே நல்லது.

டியூபிலிருந்து எப்போது மாற்றலாம்? விலை குறைவாகக் கூடு செய்ய வழி உண்டா? (திருச்சி)

இருபது, முப்பது வேலைக்காரர்கள் வந்த பிறகு மாற்றலாம். பெரிய கூட்டில் சிறிய கூட்டத்தை விட்டால் ஒரு மூலையைக் குப்பைமேடாக்கிவிட்டு, மறு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கட்டடக் கல்) உடைந்த துண்டு சும்மாவே கிடைக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் அறைகளும் வழிகளும் குடைந்து, தூசி போகக் கழுவிக் காயவைத்து, மேலே கண்ணாடி பொருத்துங்கள். ஒரு ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு குழி. கல் ஈரத்தை மெல்ல இழுக்கும், ஒரு பக்கம் ஈரமாகவும் மறு பக்கம் காய்ந்தும் இருக்கும். எந்த அறையில் முட்டை, எந்த அறையில் கூட்டுப்புழு என்று எறும்புகளே முடிவு செய்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்த வளர்ப்பில் மிகப் பிடித்த காட்சி அதுதான்.

எறும்புகள் இரைதேடுவதற்கு, கூட்டோடு குழாயால் இணைத்த ஒரு திறந்த பெட்டியும் வேண்டும். அதன் விளிம்பில் டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினால் ஏற முடியாமல் சறுக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சீக்கிரம் வீணாகும், அடிக்கடி புதுப்பியுங்கள். வெளியிலிருந்து சிற்றெறும்பு படையெடுத்து வராமல் இருக்க, மொத்தத்தையும் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள்.

மாமரத்து முசுறுக் கூட்டை அப்படியே வீட்டுக்கு எடுத்து வரலாமா? (தென்காசி)

வேண்டாம். ஒரே கூட்டம் பல மரங்களில் ஏராளமான இலைக்கூடுகளாகப் பரவியிருக்கும், ராணி அவற்றில் ஏதோ ஒன்றில். நீங்கள் எடுப்பதில் ராணி இருக்க வாய்ப்பு குறைவு. புழுவின் பட்டுநூலால் இலைகளைத் தைப்பதை மரத்தடியில் நின்றே பாருங்கள்.

இணையத்தில் வெளிநாட்டு ராணிகள் விற்கிறார்கள். வாங்கலாமா சார்? (பெங்களூரு)

வாங்காதீர்கள். 2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணிகளைச் சிறு குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டு, தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் கட்ட நேர்ந்தது. எடுக்கப்படும் காட்டுக்கு ஒரு இழப்பு, தப்பித்துப் பரவும் ஊருக்கு இன்னொரு இழப்பு. கிறிஸ்துமஸ் தீவில் புகுந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அதே எறும்பு 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் பெருகி, ஆடு மாடு மேய்ப்பவர்களைப் படாதபாடு படுத்தியது. நம் நாட்டுக் காப்புக்காடுகளிலிருந்தும் எதையும் எடுக்கக் கூடாது. உங்கள் தெருவில் கிடைக்கும் ராணியே போதும்.

என் மகளுக்கு ஒன்பது வயது, ஆசைப்படுகிறாள். கடிக்குமே? (ஈரோடு)

கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடிக்கும், கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். கொட்டுகிற சிவப்பு நெருப்பெறும்பைத் தவிர்த்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது மட்டும் நீங்கள் கூட இருங்கள் அம்மா.

ராணி இறந்துவிட்டது. வேறு ராணியை விடலாமா? (யாழ்ப்பாணம்)

வேலைக்காரர்கள் வாசனையில் அந்நியரென்று அறிந்து பெரும்பாலும் கொன்றுவிடும். இருக்கிற வேலைக்காரர்கள் சில மாதங்கள் வாழும், அவை முட்டையிட்டாலும் ஆண்கள்தான் பிறக்கும். அதுவரை இனிப்பும் தண்ணீரும் தவறாமல் கொடுத்து வாருங்கள். வேறு கூட்டத்தின் அருகே கொண்டுபோய் விடாதீர்கள், அங்கே அவற்றைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.