ஜப்பான் ஏரி, பள்ளத்தாக்கு, வெந்நீர் ஊற்று: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு நாலு பேர் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் தங்கி ஹகோனேயின் ஆஷி ஏரி, குசாட்சு வெந்நீர் ஊற்று, குரோபே பள்ளத்தாக்கு மூன்றையும் பார்க்க ஆசை. ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸை இங்கேயே வாங்கிவிடுங்கள், லாபம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பாஸ் லாபமாக இருந்தது உண்மைதான், ஆனால் அது பழைய கதை. சாதாரண வகுப்பு ஏழு நாள் பாஸ் முன்பு 29,650 யென். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். நாலு பேருக்கு இரண்டு லட்சம் யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு வழிக்கு சுமார் 14,000 யென்தான். போய் வந்தாலும் பாஸ் காசு தேறாது. உங்கள் மூன்று ஊர்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தாலும் தலைக்கு 50,000 ஆகாது.

அதைவிட முக்கியம், நீங்கள் பார்க்க விரும்பும் இடங்களுக்குப் போகும் வழியின் கடைசிப் பகுதி பெரும்பாலும் இந்தப் பாஸில் சேராத வேறு கம்பெனிகளின் கையில் இருக்கிறது. ஹகோனேயில் மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, ஏரிக் கப்பல் எதிலுமே ரயில் பாஸ் செல்லாது. அங்கே ஒடாக்யு கம்பெனியின் ஹகோனே ஃப்ரீபாஸ் எடுங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து போய்வரும் பயணத்தோடு மேலே சொன்ன எல்லாமே அதில் அடங்கிவிடும். ரொமான்ஸ்கார் என்ற விரைவு ரயிலில் ஏறினால் மட்டும் கூடுதல் கட்டணம். ஃப்ரீபாஸை மாதக் கணக்கில் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். ஃபோனிலேயே வாங்கலாம் என்பதால் முந்தின இரவு வானிலை பார்த்து முடிவு செய்தால் போதும். மேகம் மூடினால் ஏரிக்கரையிலிருந்து ஃபூஜி மலை தெரியாது. பலத்த காற்று அடித்தாலோ, ரோப்வே கடந்துபோகும் ஓவாகுதானி பள்ளத்தாக்கில் எரிமலை வாயு கூடினாலோ ரோப்வேயையும் நிறுத்திவிடுவார்கள்.

குரோபே விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. உனாசுகியிலிருந்து கெயாகிதைரா வரை 20.1 கி.மீ. போகும் குட்டி ரயிலின் பாதையில், 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தின்போது பாறை விழுந்து ஒரு பாலம் சேதமானது. அதன்பிறகு ரயிலைப் பாதி வழியில் நெகோமாதா நிலையத்தோடு நிறுத்தி ஓட்டினார்கள். நீங்கள் போகும் நாளில் எதுவரை ஓடுகிறது என்று ரயில் கம்பெனியின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள். பெட்டியில் இரண்டு வகை. ஜன்னல் வைத்த பெட்டிக்குக் கூடுதல் கட்டணம். சாதாரணப் பெட்டி பக்கவாட்டில் திறந்தே இருக்கும், உட்கார வெறும் பெஞ்சுதான். என் ஓட்டு சாதாரணப் பெட்டிக்கே. கண்ணுக்கும் ஆற்றுக்கும் நடுவே கண்ணாடி இருக்காது. அக்டோபர் கடைசியில் குளிர் இருக்கும், சுரங்கத்துக்குள் காற்று சில்லென்று அடிக்கும். கனமான ஜாக்கெட் ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதியில் ஓர் இரவு 22,000 யென் என்று பார்த்தோம். பதிவு செய்யும்போது இரண்டு பேருக்கு 44,000 காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. ரியோகானில் வாடகை அறைக்கு அல்ல, தலைக்குத்தான். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். அதனால் ஹோட்டல் அறை வாடகையோடு நேராக ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். இதற்கு மேல் குளியல் வரி என்று ஒன்று உண்டு. பல ஊர்களில் ஆளுக்கு 150 யென், விடுதியிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

நீங்கள் சைவம் என்றால் இங்கேதான் பணம் வீணாகும். ரியோகான் விருந்து மீனைச் சுற்றியே அமைந்தது. காய்கறிக் குழம்பில்கூடக் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். "காய்கறி மட்டும் போதும்" என்று சொன்னால் அந்தச் சாறு போகாது, அதையும் பேர் சொல்லித்தான் விலக்கச் சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், உணவில்லாமல் அறை மட்டும் தரும் திட்டம் இருக்கிறதா பாருங்கள். விலையும் நன்றாகக் குறையும். ஆனால் சின்ன ஊர்களில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும், கையில் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொட்டியில் வருவது நிஜமான ஊற்று நீரா, குழாய்த் தண்ணீரைச் சூடாக்கியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல கேள்வி. ஜப்பானியர்களே கேட்டுச் சண்டை போட்ட கேள்வி இது. நாகானோ மாநிலத்தின் ஷிராஹோனே, பால் போன்ற வெள்ளை நீருக்குப் பேர்போன ஊர். அங்கே சில குளியலிடங்களில் நிறம் வரக் குளியல் தூள் கலந்தது 2004-இல் அம்பலமானது. நாடே கொதித்தது. 2005-இல் விதியைத் திருத்தினார்கள். தண்ணீர் கலக்கிறோமா, சூடேற்றுகிறோமா, அதே நீரைச் சுழற்றிப் பயன்படுத்துகிறோமா, கிருமிநாசினியோ குளியல் தூளோ சேர்க்கிறோமா, ஏன் என்பதையெல்லாம் எழுதி மாட்ட வேண்டும். உடை மாற்றும் அறையில் அந்த அட்டையைப் பார்க்கலாம். ஃபோனை வெளியிலேயே பயன்படுத்துங்கள், அந்த அறைக்குள் படம் எடுக்கக் கூடாது. அதைவிட, பதிவு செய்வதற்கு முன்பே மின்னஞ்சலில் இந்த நாலையும் கேட்டுவிடுவது நல்லது.

சூடேற்றினாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி இருந்தாலே அது வெந்நீர் ஊற்றுதான். குசாட்சுவில் பிரச்சினை தலைகீழ். நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல் ஊறுகிறது, கை வைக்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வீரியம் போய்விடும் என்று நீளமான மரப்பலகையால் துழாவியே ஆற்றுவது அங்கே பழைய வழக்கம். ஊர் நடுவே மரக்கால்வாய்களில் ஆவி பறக்க நீர் ஓடுவதும் ஆற்றத்தான். நல்ல அமில நீர், வெள்ளி நகையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். அங்கே ஷிராஹதா-நோ-யு என்ற சின்னப் பொதுக் குளியலிடம் வெளியூர்க்காரர்களுக்கும் இலவசம். நீர் எப்படி என்று அங்கே பார்த்துவிட்டு, பெரிய இடத்துக்குக் காசு கொடுப்பதா என்று முடிவு செய்யலாம்.

கேள்வி: எல்லோர் முன்பும் உடையில்லாமல் குளிக்கக் கூச்சமாக இருக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. ஆண், பெண் பகுதிகள் பொதுவாகத் தனித்தனி. அதுவும் வேண்டாம் என்றால், குடும்பம் மட்டும் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் தனிக் குளியலறை பல விடுதிகளில் இருக்கிறது. சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். உடம்பில் பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் இதுதான் தோதான வழி.

கேள்வி: கியூஷு தீவின் தகாச்சிஹோ பள்ளத்தாக்கில் வாடகைப் படகுக்கு முன்பதிவு அவசியமா?

பதில்: அவசியம். நேரில் போய் நின்றால் அன்றைக்குக் கிடைப்பது சந்தேகம். ஒரு படகில் மூன்று பேர், நாமேதான் துடுப்புப் போட வேண்டும். நாலு பேர் என்றால் இரண்டு படகுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நீர்மட்டம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். 17 மீட்டர் மனாய் அருவியை மேலே உள்ள நடைபாதையிலிருந்து பார்க்கக் கட்டணமே இல்லை.