காலையில் விறைக்கும் முதுகை ‘செட்’ செய்ய முடியுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஏழு மாதமாகக் காலையில் எழுந்ததும் முதுகு விறைத்துக்கொள்கிறது. குனிந்து சாக்ஸ் போட முக்கால் மணி நேரமாவது ஆக வேண்டும். நடமாடினால் இளகிவிடுகிறது, விடுமுறையில் படுத்தே கிடந்தால் இன்னும் மோசம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். ‘எலும்பு விலகியிருக்கிறது, பத்து முறை வந்தால் செட் செய்துவிடலாம்’ என்கிறார் ஒருவர். போகலாமா?

பதில்: போக வேண்டாம். முதலில் ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு வாத நோய் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

நீங்கள் சொல்வதில் முக்கியமானது ஜவ்வு அல்ல. ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது என்கிறீர்களே, அதுதான். வேலை செய்து பிடித்துக்கொண்ட முதுகு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலை விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டினால் முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் அந்த வகைதான். அது பெரும்பாலும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் ஆரம்பித்து மேலே ஏறும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது என்கிறேன்.

அப்புறம் அந்த ஜவ்வு. வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை 2015-இல் ஒரு ஆய்வில் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். யாரும் செய்வதில்லை. ‘பல்ஜ்’ (பிதுக்கம்) என்று படித்துப் பயந்துபோனவரைப் பிடிக்கத்தான் செட் செய்கிறவர்களும், கமிஷனுக்கு ஆள் அனுப்புகிறவர்களும் காத்திருக்கிறார்களே.

‘எலும்பு விலகல்’ கதையையும் பார்த்துவிடுவோம். பெரும்பாலான இடங்களில், அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்புறம் ஜவ்வு, பின்புறம் இரண்டு சிறு மூட்டுகள். எந்தப் பக்கம் எவ்வளவு அசையலாம் என்று தீர்மானிப்பது அந்தச் சிறு மூட்டுகளின் சாய்வு. கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நடக்கிறது. இடுப்புப் பகுதி நன்றாகக் குனியும், நிமிரும், ஆனால் முறுக்குவதற்கு ஏற்ற அமைப்பு அதற்கு இல்லை. முறுக்கும்போது ‘டக்’கென்று கேட்பது எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுத் திரவத்தில் வாயு செய்யும் வேலை. விரலில் நெட்டி முறிப்பதும் இதே கதைதான். அழற்சியால் ஒட்டி, உறுதி குறைந்த முதுகெலும்பை வெடுக்கென்று திருப்பினால் முறியலாம். கழுத்தில் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது இந்த விவரம் தெரிந்திருக்கட்டும்: கீழ் முதுகுக்கு வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ., முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் அந்த மூட்டை முழுதாகக் காட்டுவதில்லை. அதற்கென்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதுபவரிடம் வந்து சேர்வதற்குள் நோயாளி நாலு இடம் அலைந்து, பெல்ட் போட்டு, வலி மாத்திரையும் தின்று முடித்திருப்பார். ஆரம்ப வருடங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் சகஜம்.

எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். ‘பாசிட்டிவ்’ என்றால் நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை, அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ‘நெகட்டிவ்’ என்றால் நோய் இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது, அது இல்லாமலேயே நோய் வந்தவர்களும் உண்டு. ஆகவே லேபில் தாளை வாங்கி, நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். இடுப்பின் பின்புறம் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் மட்டத்தில், முதுகின் நடுவில் ஒரு பேனாப் புள்ளி, நேர் மேலே 10 செ.மீ. தள்ளி இன்னொன்று. முழங்காலை மடக்காமல் முடிந்தவரை குனியுங்கள். இடைவெளி 15 செ.மீ. அளவுக்கு நீள வேண்டும். நீளவில்லை என்றால் மருத்துவரிடம் அந்த அளவைச் சொல்லுங்கள். சரியாக நீண்டாலும் போகத்தான் வேண்டும், ஆரம்பத்தில் இது தவறவிடும்.

அழற்சி என்று உறுதியானால் மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும், போதாவிட்டால் ஊசி மருந்தும் இருக்கின்றன. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இடையில் சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த அழற்சி கண்ணிலும் வரலாம்; ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். முதுகு விறைப்பையும் அவரிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.