வெண்புள்ளிக்கு எந்த ஒளி? ஃபோட்டோதெரபி அறையிலிருந்து கேள்வி பதில்

தோல் சிகிச்சைப் பிரிவில் ஃபோட்டோதெரபி, அதாவது ஒளி சிகிச்சைக் கருவிகளை இயக்குவது என் வேலை. நான் டாக்டர் இல்லை. அதனால் படத்தை அனுப்பி ‘இது வெண்புள்ளிதானா’ என்று கேட்க வேண்டாம். எந்த ஒளி எதற்குப் பொருந்தும், எங்கே தப்பு நடக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கடலோடி: அக்கா, நாரோபேண்ட், பூவா, எக்ஸைமர் என்று மூன்று சொல்கிறார்கள். மூன்றில் எது நல்லது?

முதலில் புள்ளி எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விரல்களோடு சேர்த்து உங்கள் ஒரு உள்ளங்கை, உடல் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். மொத்தம் பத்து உள்ளங்கைக்கு மேல் போனால், அல்லது புதுப்புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால், நாரோபேண்ட் சேம்பர்தான், அதாவது உள்ளே நின்று ஒளி வாங்கும் பெட்டி. 311 முதல் 313 நானோமீட்டர் வரையுள்ள யுவிபி ஒளி அது, புற ஊதாக் கதிரில் ஒரு வகை. மாத்திரை கிடையாது. நிற்கத் தெரிந்த குழந்தைக்கும் கொடுக்கலாம், கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். பரவுவதை நிறுத்தவும் உதவும். வேகமாகப் பரவுகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை சேர்த்துத் தருவார்கள். அது டாக்டர் முடிவு.

பூவா என்பது தோலை ஒளிக்குக் கூசவைக்கும் சோரலன் மருந்தைச் சாப்பிட்டோ பூசியோ, அதன்பின் புற ஊதாவின் இன்னொரு வகையான யுவிஏ ஒளியில் நிற்பது. ஒரு காலத்தில் இதை விட்டால் வேறு வழி இல்லை. 1997ல் நெதர்லாந்தில் நாரோபேண்டை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி எழுதினார்கள், அதிலிருந்து நிலைமை மாறியது. 2007ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் நாரோபேண்டில் 64 சதவீதம், பூவாவில் 36. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது நிறப்பொருத்தம். நாரோபேண்டில் திரும்பிய நிறம் சுற்றியுள்ள தோலோடு ஒத்துப்போனது. பூவாவில் பாதிப்பேருக்கு மேல் ஒத்துப்போகவில்லை. புள்ளி போய் கருந்திட்டு நின்றால் யாருக்கு நிம்மதி? பூவா எடுத்தால் குமட்டலும் உண்டு, அன்று முழுக்கக் கண்ணாடியும் போட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதை முதல் தேர்வாக இன்று யாரும் சொல்வதில்லை.

எக்ஸைமர் 308 நானோமீட்டர். கைப்பிடியைப் புள்ளிமேல் வைத்து அங்கே மட்டும் ஒளி விடுவோம், நல்ல தோலுக்கு வேலை இல்லை. பத்து உள்ளங்கைக்குக் குறைவாக, முகம், கழுத்து, முழங்கால் என்று அங்கங்கே சிறு திட்டாக இருந்தால் இதுதான் வசதி. நிறம் சீக்கிரமே தலைகாட்டும். ஆனால் புதுப்புள்ளி வருவதை இது தடுக்காது, ஒளி படாத இடத்துக்கு அது எதுவும் செய்யாது.

நிலாரசிகை: எக்ஸைமர் லேசர், எக்ஸைமர் லாம்ப் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? லேசருக்குக் கட்டணம் அதிகம் கேட்கிறார்கள்.

அலைநீளம் ஒன்றே. ஒப்பிட்ட ஆய்வுகளில் பலனிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லேசர் என்ற பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

எழுத்தாணி: மேடம், மூன்று மாதமாக வாரம் மூன்று முறை சேம்பரில் நிற்கிறேன். முகத்தில் நன்றாக வந்துவிட்டது. விரல் நுனியில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. டோஸ் போதவில்லையா?

டோஸ் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. புள்ளிக்குள் நிறமிச் செல் மிச்சம் இருக்காது. திரும்பி வருவது பெரும்பாலும் முடியின் வேரிலிருந்து. அங்கே ஒளிந்திருக்கும் மூலச்செல்களை ஒளி எழுப்பிவிடும், அவை மேலேறி வந்து பரவும். அதனால்தான் முதலில் புள்ளிக்குள் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சின்னச்சின்னக் கருப்பு வட்டமாகத் தெரியும். முகத்தில் முடிவேர் நெருக்கமாக இருக்கிறது. விரல் நுனியிலும் உதட்டிலும் முடியே இல்லை. செல் எங்கிருந்து வரும்? புள்ளிமேல் இருக்கும் முடியே வெளுத்துவிட்டாலும் இதே கதை.

2017ல் வெளியான தொகுப்பாய்வில் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பியவை, முகம் கழுத்தில் 44 சதவீதம், உடம்பில் 26, கைகால்களில் 17. மணிக்கட்டுக்குக் கீழும் கணுக்காலுக்குக் கீழும் பூஜ்யம். இதை யாரும் தொடக்கத்திலேயே சொல்வதில்லை என்பதுதான் என் கோபம். விரலுக்காக மட்டும் ஒரு வருடம் ஒருவரை அலையவிடுவது நியாயமில்லை. முகத்துக்காகத் தொடருங்கள், விரலுக்கு என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.

தூரிகை: இருபது முறை ஆகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றுகிறார்களோ?

இல்லை. பலன் இல்லை என்று முடிவுகட்ட 72 முறையாவது வேண்டும் என்பதுதான் வெண்புள்ளி நிபுணர் குழுவின் பரிந்துரை. வாரம் மூன்று என்றால் ஆறு மாதம். அந்தத் தொகுப்பாய்விலேயே முக்கால் பங்கு திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் 19 சதவீதம், பன்னிரண்டு மாதத்தில் 36. விடாமல் வந்து ஒளியில் நின்றவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. முதல் நாள் ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் எடுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் எதுவும் தெரியாது.

மின்மினி: போன வாரம் இடுப்பில் பட்டையாகச் சுட்டுவிட்டது, கொப்புளம். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. மெஷின் கோளாறா?

உள்ளாடை மாற்றிப் போட்டீர்களா? நான் பார்த்தவரை இப்படிப் பட்டையாகச் சுட்டால் காரணம் இதுதான். முதல் முறை ஒளி 200 மில்லிஜூலில் தொடங்கும், ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் ஏற்றுவோம். இருபதாவது முறைக்குள் மற்றத் தோல் அதைத் தாங்கப் பழகியிருக்கும். துணிக்குள் இருந்த தோலுக்கு அது முதல் நாள். சின்ன உள்ளாடைக்கு மாறினால் அந்த ஓரம் முழு டோஸையும் புதிதாக வாங்கும். முடி வெட்டிக்கொண்டு வந்தால் பிடரி, வாட்ச் கழற்றினால் மணிக்கட்டு, இதே கதிதான். எந்தத் துணியோடு தொடங்கினீர்களோ கடைசிவரை அதே அளவுத் துணி. எங்கள் அறைச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

கொப்புளம் ஆறும்வரை போகாதீர்கள். போகும்போது முதலிலேயே சொல்லுங்கள், குறைத்து ஆரம்பிப்பார்கள். சரியான டோஸுக்கு அடையாளம், புள்ளி லேசாக இளஞ்சிவப்பாகி 24 மணி நேரத்துக்குள் மறைவது.

இயற்கைவாசி: மெஷின், டியூப், டோஸ் எல்லாம் வியாபாரம். கார்போக அரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றார்கள் நம் முன்னோர். சூரியன் இலவசம். பக்கவிளைவு கிடையாது. இதைச் சொல்ல உங்களுக்கு மனம் வராது.

மனம் வருகிறது, முழுசாகவே சொல்கிறேன். கார்போக அரிசியில் இருப்பது சோரலன். எகிப்தில் நைல் ஓரம் வளரும் ஒரு செடியின் விதையிலும் அதே வகைச் சரக்கு உண்டு. 1940களில் அங்கேதான் அதைப் பிரித்தெடுத்து வெயிலோடு சேர்த்து வெண்புள்ளிக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பூவா. ஆக நீங்கள் சொல்வதும் பூவாதான், அளவு மட்டும் இல்லை. வேலை செய்யும், மறுக்கவில்லை. பக்கவிளைவு கிடையாது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இயற்கைவாசி: மாத்திரையில் பக்கவிளைவு. விதையில் இல்லை.

உங்கள் தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சோரலன் பூசிய தோல் யுவிஏ பட்டால் பல மடங்கு சுடும். விதையில் எவ்வளவு சோரலன் என்று தெரியாது, காலை ஒன்பது மணி வெயிலும் மதிய வெயிலும் ஒன்றல்ல, மேகம் வந்தால் வேறு. இரண்டு பக்கமும் அளவு தெரியாமல் பெருக்கினால் விடை என்ன வரும்? சுட்டது அன்றே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். அதற்குள் இன்னொரு முறை நின்றிருப்பீர்கள்.

குயில்பாட்டு: நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. என் தம்பிக்கு எண்ணெய் பூசி வெயிலில் நின்று கொப்புளம் வந்து, ஆறியதும் புள்ளி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

தம்பிக்கு நடந்ததற்குக் கோப்னர் என்று பெயர். வெண்புள்ளி இருக்கிறவருக்குத் தோலில் அடிபட்ட, சுட்ட, உரசிய இடத்திலேயே புதுப்புள்ளி வரலாம். இதனால்தான் ‘நன்றாகச் சுட்டால் நன்றாகக் கருக்கும்’ என்ற நம்பிக்கையை நான் விடாமல் எதிர்க்கிறேன்.

இயற்கைவாசி: எத்தனையோ பேருக்குக் குணமானது பொய்யா?

பொய் இல்லை, வேலை செய்யும் என்று முன்பே எழுதிவிட்டேன். ஃபோட்டோதெரபி கருவிக்குப் பக்கத்தில்கூடப் போக வழியில்லாதவருக்கு டாக்டர்களே சோரலனும் வெயிலும் சொல்வதுண்டு. குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட அளவு, ஒன்றிரண்டு நிமிடத்தில் தொடக்கம், மாத்திரை என்றால் அன்று பகல் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. யுவிஏ ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும், அதனால் வீட்டுக்குள்ளும் கண்ணாடி போட வேண்டும். மருந்துச் சீசாவில் மூடியளவு எதற்குக் கொடுக்கிறார்களோ, மெஷினில் மீட்டரும் அதற்குத்தான். இதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வானவில்: மேடம், இரண்டு மாதம் ஆகிறது, பலன் தெரியவில்லை...

மேலே தூரிகைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேன்சிட்டு: நெயில் பாலிஷ் காயவைக்கும் யுவி விளக்கு போதுமா? நீல ஒளி டார்ச்?

இரண்டும் கூடாது. அவை யுவிபி இல்லை. டாக்டர் இருட்டில் பார்க்கும் ஊதா விளக்கும் புள்ளியைக் காட்டத்தான், குணமாக்க இல்லை.

அலைபாயும்மனம்: வீட்டில் வைத்துக்கொள்ளும் கையடக்க நாரோபேண்ட் பற்றி? வாரம் மூன்று நாள் லீவு போட முடியாது.

வேலைக்குப் போகிறவருக்கு இது நியாயமான வழி. பிரிட்டனில் 517 பேரை வைத்து ஒன்பது மாதம் பார்த்தார்கள். ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குப் புள்ளி நன்றாகக் குறைந்தது. கைவிளக்கு மட்டும் என்றால் 22, இரண்டும் சேர்த்தால் 27. சுமாரான எண்தான், அதை மறைக்க மாட்டேன். ஒளியை நிறுத்திய பிறகு பலருக்குப் பலன் கரைந்தும் போனது.

வாங்குவதானால் மருத்துவக் கருவியாக விற்பதை மட்டும், டாக்டர் சொன்ன டோஸ் அட்டவணையோடு வாங்குங்கள். தோலிலிருந்து விளக்கு இருக்கும் தூரம் மாறினால் டோஸ் மாறும். பழைய டியூப் மங்கும், புது டியூப் போட்ட அன்று பழைய நேரத்தையே வைத்தால் சுடும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தைக்கும் கண்ணாடி உண்டு.

கல்வெட்டு: பத்து நாள் வெளியூர் போய்விட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

கூடாது. ஏழு நாள் வரை விட்டால் பழைய டோஸே. எட்டு முதல் பதினான்கு நாள் என்றால் கால்பங்கு குறைக்க வேண்டும். பதினைந்து முதல் இருபத்தொன்று என்றால் பாதி. அதற்கு மேல் முதலிலிருந்து. ‘நேற்றுத்தான் வந்தேன்’ என்று பொய் சொல்லி நிற்கிறவர்கள் உண்டு. சுடுவது அவர்களைத்தான். டாக்சிசைக்ளின் மாதிரி வெயிலில் தோலைச் சுடவைக்கும் புது மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பனித்துளி: இத்தனை யுவி வாங்கினால் புற்றுநோய் வராதா? அம்மா பயப்படுகிறார்.

பயத்துக்குக் காரணம் உண்டு. சொரியாசிஸுக்குப் பூவா அதிகம் எடுத்தவர்களுக்கு, குறிப்பாக நூற்றுக்கணக்கான முறை நின்ற வெளிறிய தோல்காரர்களுக்கு, தோல் புற்று கூடியது. நாரோபேண்டில் அப்படித் தெளிவாகக் கூடியதாக இதுவரை தெரியவில்லை. 2020ல் வெளியான கொரிய ஆய்விலும் வெண்புள்ளிக்காக நின்றவர்களுக்குப் புற்று கூடவில்லை. ஆனால் 200 முறைக்கு மேல் போனவர்களுக்கு வெயிலால் வரும் சொரசொரப்பான திட்டுகள் கூடின, அவை புற்றுக்கு முந்தைய நிலையாகக் கருதப்படுபவை. ஆகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை முழுத் தோலையும் டாக்டரிடம் காட்டுங்கள். லூபஸ் என்ற, வெயில் பட்டால் கூடும் நோய் உள்ளவர் ஒளிப்பக்கமே வரக் கூடாது.

மரகதப்புறா: என் மகளுக்குப் பத்து வயது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. புருவ முடியும் வெளுத்துவிட்டது. எந்த ஒளி?

ஒரு பக்கமாக வரும் வகைக்கு ஒளியை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பலன் அதிகம். புருவம் வெளுத்துவிட்டது என்கிறீர்கள், முடிவேரில் இருந்த செல் சேமிப்பும் தீர்ந்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் நிற்பதால் ஒட்டு சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நல்ல தோலிலிருந்து நிறமிச் செல்லை எடுத்து வைப்பார்கள், வைத்த பிறகு ஒளி கொடுத்து வளர்ப்பார்கள். நிலைத்து நிற்கும் இந்த வகைக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

வானவில்: மேடம் படித்தேன். ஆனால் எனக்கு 24 முறைதான் ஆகிறது...

72 அம்மா, 72.

செம்பருத்தி: பத்தியம்?

ஒளிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. சாப்பிடுங்கள்.

நடைவண்டி: முகம் முழுக்க வந்துவிட்டது. இனி நிறுத்திவிடலாமா?

திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் மாதம் வாரம் இரண்டு, அடுத்த மாதம் வாரம் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று என்று இறக்கி நிறுத்துவது வழக்கம். அதன்பின் அந்த இடத்தில் வாரம் இரண்டு முறை டாக்ரோலிமஸ் களிம்பு தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரான்சில் பார்த்தபோது மருந்தில்லாத வெறும் களிம்பு போட்ட புள்ளிகளில் 40 சதவீதம் திரும்ப வெளுத்தன, டாக்ரோலிமஸ் போட்டவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவு. திரும்ப வெளுக்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் அந்த வாரமே வந்துவிடுங்கள்.