ஆற்றைக் காப்பாற்ற ஆலைகளை மூடினால், அங்கே வேலை செய்கிறவர்களின் வயிற்றுப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது?

மூடியதால் போன வயிற்றுப்பாட்டைக் கேட்கிறீர்கள். மூடாமல் விட்டதால் போன வயிற்றுப்பாடு உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போட்டித் தேர்வுக்குக் கட்டுரை தயார் செய்கிறவராக இருக்கலாம், அல்லது குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் ஊரில் இருக்கலாம். எங்கள் வீட்டில் இதே கேள்வியால் சொந்தத்துக்குள் பேச்சுவார்த்தையே நின்றது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. நொய்யல் ஆற்றுக்குக் குறுக்கே 1992-ல் திறந்த அணை அது. ஈரோடு, கரூர் பக்கம் 10,000 ஏக்கருக்கு மேல் பாயும் என்றார்கள். சில வருடத்திலேயே அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறை, சலவைப்பட்டறைகளின் கழிவுநீர்தான். தண்ணீர் விடச் சொல்லி வழக்குப் போடும் விவசாயிகளைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து இந்தத் தண்ணீரை விடாதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போன ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்த அணைப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், நாங்கள்.

வெளியூர்க்காரர்கள் சாயம் என்றதும் கலரைத்தான் நினைக்கிறார்கள். ஆறு சிவப்பாக ஓடும் படத்தைப் போட்டு அய்யோ என்பார்கள். கலர் கண்ணுக்குத்தான் பயம். எங்களை அழித்தது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (நூலோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் வகை) ஏறுவதற்கு உப்புப் போட்டே ஆக வேண்டும். கருப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போடுவார்கள். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். அந்த உப்பில் துளிகூடத் துணியில் நிற்காது, அலசும்போது அப்படியே வெளியே வந்துவிடும். தொண்ணூறுகளில் பல பட்டறைகளுக்கும் சேர்த்துக் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட் என்ற ரசாயனமும் போட்டுக் கலரை வண்டலாக இறக்கினார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், அதிகாரிக்கும் திருப்தி. உப்பு மட்டும் குறையாமல் எங்கள் கிணற்றுக்கு வந்து சேரும்.

கிணறு கெட்டதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். டீ போட்டால் பால் திரிந்துபோனது. அப்புறம் மஞ்சள் முளைப்பு குறைந்தது, தென்னையில் குரும்பை கொட்டியது, பாத்தியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. எருமை தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பெண் கேட்டுப் போன இடத்தில் எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்னால் தண்ணி எப்படி என்று கேட்டார்கள். இதற்கெல்லாம் யார் இழப்பீடு கொடுப்பது? இழப்பீட்டு ஆணையம் என்று ஒன்று வந்தது உண்மைதான். அதில் கிடைத்தது எங்கள் வீட்டில் தென்னங்கன்று வாங்கக்கூடக் காணாது.

இப்போது என் தாய்மாமா கதைக்கு வருகிறேன். அவர் திருப்பூரில் ஜாப் ஒர்க் சாயப்பட்டறை வைத்திருந்தார். துணி அவருடையது இல்லை. எக்ஸ்போர்ட்காரர் துணி அனுப்புவார், இவர் கிலோவுக்கு இவ்வளவு என்று சாயமேற்றிக் கொடுப்பார். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். மூடிய சில நாட்களில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, உங்க கிணத்துல நானொருத்தனா உப்பக் கொட்டுனேன்?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா அதிகம் பேசமாட்டார். “ஒருத்தனொருத்தனாக் கேட்டா எல்லாரும் அதத்தானுங் மச்சான் சொல்லுவாங்க” என்றார்.

மாமா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப்பணம் கட்டச் சொன்னார்கள், கடன் வாங்கிக் கட்டினார். அது உப்பை எடுக்காது என்று அன்றைக்கு அவருக்கு யாரும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. போடு, ஆவியாக்கும் இயந்திரம் போடு, ஒரு சொட்டுகூட வெளியே விடாதே என்றார்கள். பெரிய பட்டறை தாக்குப்பிடிக்கும், நாலு மெஷின் வைத்திருக்கிறவர் எங்கே போவார்? கடைசியில் மெஷினைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். அவருடைய மகன் இன்றைக்கு ஒரு பெரிய பட்டறையில் சாயமேற்றுவதைக் கவனிக்கும் டையிங் மாஸ்டர். அப்பாவுக்கும் மாமாவுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

ஆனால் திடீரென்று மூடிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். நொய்யலில் கழிவு விடுவதை நிறுத்த உயர் நீதிமன்றம் கெடு வைத்தது 2006 டிசம்பரில். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து மூன்று மாதம் கொடுத்தது 2009-ல். மூடியதோ 2011. நடுவில் எத்தனை அமாவாசை, எத்தனை தேர்தல்! திருப்பூரில் ஓட்டு அதிகம், எங்கள் பக்கம் ஓட்டு கம்மி. ஆற்றுக்கு ஓட்டே கிடையாது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதுதான் நடந்தது, ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். மூடிய பிறகு கெஞ்சிக் கூத்தாடி, அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து, உப்புநீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்து, படிப்படியாகத் திறந்தார்கள். முடியவே முடியாது என்ற காரியம் கதவைச் சாத்தியதும் முடிந்தது. அந்தச் சில மாதம் பலபேர் வேலையில்லாமல் தவித்தார்கள், வேலை வேறு ஊர்களுக்குப் போனது, ஈரோடு பக்கம் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கழிவு விட்டதும் நடந்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

“நீங்கள் மட்டும் யோக்கியமா, உங்கள் ஊர்க்காரர்கள்தானே கிணற்றுத் தண்ணீரை டேங்கர் லாரிக்கு விற்றார்கள்” என்று கேட்க ஒருவர் வருவார். விற்றார்கள். சாயப்பட்டறைக்கு நல்ல தண்ணீர் போனது, சாயப்பட்டறையிலிருந்து கெட்ட தண்ணீர் வந்தது, இரண்டிலும் விவசாயி இருந்தான். எங்கள் வீட்டில் விற்கவில்லை. காரணம் பெருந்தன்மை இல்லை, எங்கள் கிணறு அதற்குள் கெட்டுப்போயிருந்தது. “நீ போட்டிருக்கும் பனியன் எங்கே சாயமேறியது” என்று கேட்பவருக்கும் சொல்லிவிடுகிறேன், திருப்பூர்தான். என் தங்கை பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்த்தான் அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. தொழில் வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை ஐயா.

       

உங்கள் கேள்விக்கே வருகிறேன். யார் பதில் சொல்வது? அபராதம் சாயப்பட்டறைக்கு, வேலையிழப்பு தொழிலாளிக்கு, உப்பு எங்களுக்கு. துணியைக் கொடுத்து அடுத்த வாரம் வேண்டும் என்ற எக்ஸ்போர்ட்காரர் பெயரும், அவரிடம் வாங்கிய வெளிநாட்டு பிராண்டின் பெயரும் மூடுகிற பட்டியலில் வரவில்லை. அந்த பிராண்டுக்காரர்கள் இன்றைக்கு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று சான்றிதழ் கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஆவியாக்குவதற்கு எரிக்கிற விறகுக்கும் கரண்டுக்கும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று யாரும் சொன்னதாக மாமா மகன் கேள்விப்படவில்லை. ஆவியாக்கிய பிறகு மிஞ்சுகிற கலவை உப்பை எதற்கும் பயன்படுத்த முடியாமல் மூட்டை கட்டிக் குடோனில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பதில் கேட்பதென்றால் எக்ஸ்போர்ட்காரரும் பிராண்டுக்காரரும் விலை பேசி பில் போடுகிற மேசைக்குப் போய்க் கேளுங்கள். கோர்ட்டைக் கேட்காதீர்கள், எங்களையும் கேட்காதீர்கள்.