வேலியோரத்துச் சந்தனம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் எழுத்தை மூன்று வருடமாகப் படித்து வருகிறேன். கள் இறக்கத் தடை பற்றிய கட்டுரையில் உங்களை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொண்டீர்கள். அரசாங்கம் ஒதுங்க ஒதுங்க மனுசன் நிமிர்வான் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையில் உட்கார்ந்து ஒருவர் அப்படி எழுதினால் தாண்டிப் போய்விடுவேன். தருமபுரியில் இருந்துகொண்டு எப்படி எழுதினீர்கள்? ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வராமல் இருந்திருந்தால் என் வகுப்புப் பிள்ளைகளும் என்னைப் போலவே ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துப் பழுப்புப் பல்லோடுதான் வளர்ந்திருப்பார்கள். நான் படித்தது அரசு விடுதியில். எங்கள் வீட்டில் உலை கொதித்தது ரேஷன் அரிசியில். எங்கள் ஆட்களை மிதித்தது அரசாங்கமா, ஊரா? 2012இல் நத்தம் காலனிக்குத் தீ வைத்தது எந்தத் துறை? அரசாங்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் ஊர்ப் பெரியதனக்காரர்கள் வந்து உட்காருவார்கள். நீங்கள் கேட்கும் சுதந்திரம் அவர்களுக்குத்தான் கிடைக்கும்.

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இன்னொன்று: எங்கள் ஒன்றரை ஏக்கரில் சந்தனம் வைக்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் மன்னிக்க ஒன்றும் இல்லை. இத்தனை நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஐந்து நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சந்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். என் அரசியலும் அங்கேதான் தொடங்கியது.

எங்களுக்குத் தீர்த்தமலைப் பக்கம் நாலு ஏக்கர் மேட்டுக்காடு. அப்பாவுக்கு மரம் என்றால் உயிர். வேம்பு தானாக முளைத்தால் சுற்றி முள் வைத்துக் காப்பாற்றுவார். பொழுது சாய்ந்த பிறகு யாரையும் கிளை ஒடிக்க விடமாட்டார். அப்படிப்பட்டவர், குருவி எச்சத்தில் விழுந்து வேலியோரம் சந்தனம் முளைத்தால் மட்டும் வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்ற ஒரு கன்றை அப்படிப் பிடுங்கியபோது ஏன் என்று கேட்டேன். "வளந்தா சர்க்காருக்கு. எவனாவது வெட்டிட்டுப் போனா நமக்குக் கேசு" என்றார். அவ்வளவுதான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசாங்கத்துக்கே சொந்தம் என்பது இந்தப் பக்கத்தில் நெடுங்கால வழக்கம். திப்பு சுல்தான் காலத்தில் அது அரசருக்குரிய மரம். 1792இல் இந்தப் பாராமகால் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு கம்பெனியும் போனது, வெள்ளைக்காரனும் போனான். மரம் மட்டும் குடியானவன் கைக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் 2002இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, தன் நிலத்தில் நிற்கும் சந்தனம் நிலத்துக்காரனுக்குச் சொந்தமானது.

அதுவரை என்ன நடந்தது என்று பாருங்கள். வளர்க்கக்கூடியவன் கன்றைப் பிடுங்கினான். காட்டில் நின்றது மட்டும் மிச்சம். விலை ஏற ஏற வெட்டுகிறவன் வந்தான், அவனிடம் வாங்குகிறவன் வந்தான், சோதனைச்சாவடியில் கண்ணை மூடிக்கொள்கிறவன் வந்தான். வீரப்பன் செய்த கொலைகளுக்கு நான் ஒருநாளும் சமாதானம் சொல்லமாட்டேன். ஆனால் வேலிக்கு வேலி சந்தனம் நின்றிருந்தால் அந்தக் கடத்தலில் அவ்வளவு பணம் இருந்திருக்காது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து வாச்சாத்திக்குள் நுழைந்தன. சித்தேரி மலையடிவாரத்தில் மலைவாழ் மக்களின் ஊர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆடு, மாடு, தானியம் எதுவும் மிஞ்சவில்லை. பெண்களைக் குழந்தைகளோடு சிறையில் அடைத்தார்கள். எனக்கு அப்போது 27 வயது. எங்கள் ஊரும் அரூர் வட்டம்தான். சந்தைக்கு வந்த ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்றதால்தான் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. பொருளாதாரத்தில் அவர்களோடு எனக்கு ஒரு வரிகூட ஒத்துப்போகாது. அந்த வழக்குக்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2023 ஆகிவிட்டது. சம்பவம் நடந்து 31 ஆண்டு.

அப்பா பிடுங்கிய கன்றும் வாச்சாத்தியும் எனக்கு வேறுவேறு கதை இல்லை. குடியானவனின் மரத்தைத் தன்னுடையது என்று சொல்லும் அரசாங்கம், அந்த மரத்தைத் தேடி அவன் வீட்டுக்குள் நுழையும் உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நான் அரசாங்கத்தைக் கண்டு பயப்படுவது இதனால்தான். வரி கட்டச் சோம்பல்பட்டு வந்த கொள்கை இல்லை இது.

இப்போது உங்கள் கேள்வி.

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் சேர்த்து 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சாதி மாறி இரண்டு பேர் மணம் செய்துகொண்டதில் மூண்ட பகை. தீ வைத்தது எந்தத் துறையும் இல்லை, ஊர். நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. என்னைப் போன்றவர்கள் லைசென்ஸையும் வரியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதைத் தொடாமல் போவது பெரிய குறை. நானும் அப்படிப் போயிருக்கிறேன்.

வயது வந்த இரண்டு பேர் மனம் ஒத்துச் சேர்ந்தால் மூன்றாவது ஆளிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. தாசில்தாரிடமும் வேண்டியதில்லை, ஊர்க் கவுண்டரிடமும் வேண்டியதில்லை. ஊர்க் கட்டுப்பாடும் ஒரு அரசாங்கம்தான் தம்பி. தலைக்கட்டு வரி வாங்குகிறது, தண்டம் போடுகிறது, தள்ளி வைக்கிறது. அதற்குத் தேர்தல் கிடையாது, அதன் தீர்ப்பை எதிர்த்து அப்பீலும் கிடையாது. ஆகவே அந்த இடத்தில் எனக்குச் சட்டம் வேண்டும், போலீஸ் வேண்டும், கோர்ட் வேண்டும். ஒருவன் உடம்புக்கும் வீட்டுக்கும் கூலிக்கும் காவலாக நிற்பதுதான் அரசாங்கத்தின் முதல் வேலை. என் ஆத்திரமே, மற்ற நூறு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இந்த ஒன்றைக் கோட்டைவிடுகிறார்கள் என்பதுதான். சந்தனக்கட்டையைத் தேடி இத்தனை நூறு பேரை மலையடிவாரத்துக்கு அனுப்ப முடிந்தது. தருமபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நத்தத்தில் தீயைத் தடுக்க முடியவில்லை. அரசாங்கம் ஒதுங்க வேண்டும் என்று மொட்டையாக எழுதியது என் தவறு. எங்கிருந்து ஒதுங்க வேண்டும், எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தீயில் எரிந்தது எது என்பதையும் யோசியுங்கள். அந்தச் சனங்களில் நிறையப் பேர் உள்ளூர் நிலக்காரர்களை நம்பாமல் பெங்களூருக்குப் போய் உழைத்தவர்கள். அப்படிச் சேர்த்த பீரோ, டிவி, மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் சர்டிபிகேட். யாருடைய தயவும் வேண்டாம் என்று நிமிர்வதற்குக் கையில் இருந்த பொருள் எல்லாம் போனது. சொத்துரிமை என்றால் பணக்காரன் பேச்சு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். 1978இல் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தபோது ஏழைக்கு ஒன்றும் குறையாது என்றுதான் நம்பினார்கள். ஆனால் பணக்காரனுக்கு வக்கீல் இருக்கிறான், மந்திரியைத் தெரியும். ஒரு சென்ட் வீட்டுமனைப் பட்டாவை வைத்திருப்பவளுக்குத்தான் அந்தக் காகிதத்தைத் தவிர வேறு துணை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிய கதையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பறிபோன அந்த நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடு என்று கேட்காதவன் சொத்துரிமையைப் பற்றிப் பேசத் தகுதி இல்லாதவன்.

இந்தப் பேச்சு நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. ராஜாஜி ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1952இல் முதலமைச்சரானதும் உணவு ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். எண்பது வயதில், 1959இல், 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று நேருவின் ஆட்சியை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அவரே 1937இல் அன்றைய சேலம் ஜில்லாவில், அதாவது நம் ஊரையும் சேர்த்து, மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1953இல் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் குடும்பத் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டார். செருப்புத் தைப்பவர் மகன் மதியத்துக்கு மேல் எங்கே போக வேண்டும் என்று முதலமைச்சர் முடிவு செய்வதைவிடச் சுதந்திரத்துக்கு எதிரான காரியம் எனக்குத் தோன்றவில்லை. அதை எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான்.

தண்ணீர் விஷயத்தில் உங்களோடு வாதாடமாட்டேன். ஃப்ளோரைடு என் பல்லிலும் இருக்கிறது. ஒகேனக்கல் குழாய் வந்தது நல்லது. ரேஷன் அரிசியையும் நிறுத்தச் சொல்லவில்லை. பசித்தவனுக்குக் கொடுப்பதில் எனக்குக் குறையே இல்லை. என்ன சாப்பிட வேண்டும் என்று கோட்டையில் இருப்பவர் முடிவு செய்வதுதான் உறுத்துகிறது. களி தின்று வளர்ந்த சனம் நாம். நம் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது 2023இல். அந்த அரிசிக்கு அரசாங்கம் செலவழித்த பணம் எங்கள் பாட்டி கையில் இருந்திருந்தால் முதல் நாளே ராகிதான் வாங்கியிருப்பாள்.

நான் பார்ப்பது புளி வியாபாரம். மாசி, பங்குனியில் தருமபுரித் தெருக்களில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். சதை ஒரு பக்கம் போகும், கொட்டை மாவரைக்கும் ஆலைக்குப் போய் அங்கிருந்து துணி மில்லுக்குப் பசையாகப் போகும். யாரும் உத்தரவு போட்டு நடக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காருகிறாள், அடுப்பில் வேலை இருந்தால் எழுந்து போகிறாள். வேலை லேசில்லை, விரல் நுனி வெடித்துவிடும். கிலோவுக்கு நாங்கள் கொடுக்கும் கூலியும் அதிகமில்லை. ஆனால் ஒன்று கண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் இரண்டாவது மண்டி வந்த வருடம் கூலி ஏறியது. முதல் மண்டிக்காரனுக்கு அதுவரை வராத இரக்கம் அந்த வாரம் வந்தது. நானும் அந்த முதல் மண்டிக்காரர்களில் ஒருவன், ஆகவே தெரிந்துதான் சொல்கிறேன். அவளுக்கு வேறு வாசல் இருந்தது, அதனால் எங்களிடம் பேச முடிந்தது. உங்கள் மாணவர்களுக்கும் அப்படிப் பல வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அண்ணன் சந்தனம் வைக்கலாம். தனியாக நட்டால் தேறாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துச் சாறெடுத்துத்தான் வளரும். முதலில் கூடவே துவரை போடச் சொல்லுங்கள், பிறகு நாலடி தள்ளிப் புங்கனோ சவுக்கோ வரட்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. மரம் சொந்தமானாலும் வெட்டுவதும் விற்பதும் இன்றைக்கும் வனத்துறை வழியாகத்தான், அதை அண்ணனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தச் சட்டமும் மாற வேண்டும் என்று தொடர்ந்து எழுதுவேன். கன்று வைத்த வருடமே விஏஓவிடம் சொல்லி அடங்கலில், அதாவது கிராமத்து நில, பயிர்க் கணக்கில், ஏற்றிவிட வேண்டும்.

நான் 2006இல் அதே வேலியோரம் பதினோரு கன்று வைத்தேன். நாலு தேறியது. அப்பா கடைசி இரண்டு வருடம் கோலூன்றிப் போய் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு வந்து ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "அடங்கல்ல ஏத்திட்டியாடா?"

அன்புடன்.